மேல்கையில் சொரசொரப்பு, முதுகில் பரு: லோஷன் எரிகிறது, விடுவதா தொடர்வதா?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26, துரைப்பாக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டல் வாசம். எட்டாம் வகுப்பிலிருந்தே இரண்டு மேல்கையிலும் கோழி உரித்த தோல் மாதிரி பொரிப்பொரியாக இருக்கிறது. அரிப்பு கிடையாது, வலி கிடையாது. தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் இதே கைதான். முதுகின் மேல்பாதியில் பரு வேறு.

தை மாதம் அக்கா கல்யாணம், இன்னும் பத்து வாரம். ப்ளவுஸுக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் கை எவ்வளவு நீளம் என்று கேட்டதும், யோசிக்காமல் முழங்கை வரை என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்காவோ எல்லோருக்கும் குட்டைக் கைதான் என்று ஒரே பிடிவாதம்.

இதுவரை செய்தது: ஒரு மாதம் காபித்தூளும் சர்க்கரையும் கலந்து நார் வைத்துத் தேய்த்தேன். பொரி அப்படியே இருந்தது, கூடவே பழுப்புப் புள்ளிகளும் வந்தன. அப்புறம் ஆன்லைனில் 10 சதவீத கிளைகாலிக் ஆசிட் லோஷனும் 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் பாடிவாஷும் வாங்கி, காலை மாலை இரண்டையும் போட்டேன். நாலு நாள் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கைக்கு வாக்சிங் செய்துவிட்டு இரவு வழக்கம்போல் லோஷன் தடவினேன். மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி எரிச்சல். முழங்கை மடிப்பில் தோல் சிவந்து உரிகிறது.

எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று ரூம்மேட் சொல்கிறாள். அம்மா தயிரும் கடலைமாவும் போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?


ஊசிநூல் எழுதியது:

முதலில் அந்த இரண்டு பாட்டிலையும் பத்து நாளைக்கு அலமாரிக்குள் வையுங்க கண்ணு. எரிவது வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை, தோல் புண்ணாகிவிட்டது என்பதற்கு அடையாளம். சிவப்பு அடங்கும்வரை வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும் போதும்.

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் 22 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். அதனால் மேல்கைகளை நான் பார்த்த அளவுக்கு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இஞ்ச் டேப்பைக் கையில் சுற்றி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பத்துப் பேர் வந்தால் மூன்று நான்கு பேர் கையிலாவது டேப் லேசாகத் தடுக்கித்தான் வரும். தடுக்கியதுமே அவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டு, "கையைக் கொஞ்சம் இறக்கி வைங்கக்கா" என்பார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். முகூர்த்த சீசனில் ஒரே நாளில் மூன்று பேர் அப்படிச் சொல்லிவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் போயிருக்கிறார்கள். என் கையும் அப்படித்தான், என் மகள் கையும் அப்படித்தான்.

மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது அழுது தீர்த்ததால் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதற்குப் பெயர் கெரடோசிஸ் பைலாரிஸ். முடி முளைக்கிற குழியின் வாயில் கெரட்டின் என்ற தோல் புரதம் சேர்ந்து தக்கை மாதிரி அடைத்துக்கொள்கிறது. சில குழிக்குள் முடி வெளியே வர வழியில்லாமல் சுருண்டு கிடக்கும். இது அழுக்கும் இல்லை, கிருமியும் இல்லை என்பதால் தேய்த்துக் கழுவினால் போகாது. குடும்ப வழியில் வருவது, உங்கள் அப்பாவே சாட்சி. பருவ வயதில் பாதிப் பேருக்கு மேல் இருக்குமாம், வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறையும். தோல் வறண்டால் கூடும். எங்கள் ஊரில் மார்கழிப் பனிக்கு நன்றாகவே தெரியும்.

நார் விஷயம் சொன்னீர்களே, அதை அடியோடு விடுங்க. பின்கழுத்து டிசைனுக்கு அளவெடுக்கும்போது சிலர் மேல்முதுகில் மங்கலான கறுப்பு அலை அலையாக ஓடும், காற்று அடித்த ஆற்றுமணல் மாதிரி. விசாரித்தால் வருஷக்கணக்காக நைலான் நார் போட்டுத் தேய்த்திருப்பார்கள். டாக்டரிடம் கேட்டபோது தோலுக்கடியில் அமிலாய்டு என்ற புரதம் படிவதால் வருவது என்றார். பருவாவது ஒருநாள் போகும், அந்தக் கறுப்பு லேசில் போகாது.

மகளுக்குக் கொடுத்தது 12 சதவீத அம்மோனியம் லாக்டேட் லோஷன். முதல் இரண்டு வாரம் திங்கள், வியாழன் இரவு மட்டும். குளித்து, ஈரம் ஒற்றி எடுத்து, பத்து நிமிஷம் நன்றாகக் காயவிட்டு, ஒரு கைக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு. ஈரத்தோடு தடவினால் கூடுதலாக உள்ளே இறங்கிக் கடிக்கும். மற்ற நாளில் வெறும் மாய்ஸ்சரைசர். தோல் பழகிய பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். மூன்றாவது வாரம் ஒரு மாற்றமும் இல்லை என்று பாட்டிலைத் தூக்கி எறியப் போனாள். ஆறாவது வாரம் நானே தடவிப் பார்த்தேன். பம்பாய் ரவை சன்னரவை ஆகியிருந்தது. மைதா ஆகவில்லை, இன்றுவரை ஆகவில்லை. பரீட்சைக்காக ஒரு மாதம் விட்டாள், மறுபடியும் பம்பாய் ரவை. தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி தொடர்ந்து போட வேண்டியதுதான்.

கல்யாணத்துக்கென்று சில விஷயம். வாக்சிங்குக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் லோஷன் வேண்டாம், நீங்கள் பட்டது போதும். மருதாணி வைத்த பிறகு அந்த இடத்தில் படவிடாதீர்கள், சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும். இந்த அமில லோஷன் போட்டால் வெயில் சுலபமாகச் சுடும், ஸ்கூட்டியில் போகிறவராக இருந்தால் கைக்கும் சன்ஸ்க்ரீன் வேண்டும். முதுகுப் பருவுக்கு யாராவது பென்சாயில் பெராக்சைடு சொன்னால், பருவுக்கு நல்ல மருந்துதான், ஆனால் துணியின் சாயத்தைத் தின்றுவிடும். அரக்குப் பட்டில் நான் தைத்த ஜாக்கெட் ஒன்று முதுகுப் பக்கம் ஆரஞ்சுத் திட்டு திட்டாக என்னிடமே திரும்பி வந்தது. சாயம் போகிற துணி என்று என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அரை மணி நேரம் பேசிய பிறகுதான் பாடிவாஷ் கதை வெளியே வந்தது.


வேப்பமரத்தடி எழுதியது:

எதற்கு இவ்வளவு ஆசிட்? எங்கள் பாட்டி காலத்தில் தயிர், பயத்தமாவு, தேங்காய் எண்ணெய், முடிந்தது கதை. யூரியாவையும் உடம்பில் பூசச் சொல்வார்கள் பாருங்கள், அது வயலுக்குப் போடுவது.


மருந்துச்சீட்டு எழுதியது:

திருச்சியில் 16 வருஷமாக மருந்துக் கடையில் இருக்கிறேன், பார்மசிஸ்ட்.

வேப்பமரத்தடி ஐயா, பாட்டி சொன்னதும் ஆசிட்தான். புளித்த பாலிலிருந்து 1780-இல் ஷீல் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்ததுதான் லாக்டிக் ஆசிட். தயிரில் அது ஏறக்குறைய 1 சதவீதம், கெரட்டின் தக்கையை இளக்க அது போதாது. யூரியாவும் லாக்டேட்டும் நம் தோலின் மேலடுக்கில் இயல்பாகவே இருந்து ஈரத்தைப் பிடித்துவைப்பவை. 10 சதவீதம் வரை யூரியா ஈரம் காக்கும், 20-க்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைக்கும், 40 சதவீதம் தடித்த நகத்துக்கும் குதிகாலுக்கும். வயலுக்குப் போடுவதும் இதே மூலக்கூறுதான், ஆனால் மூட்டையைப் பிரித்துப் பூச வேண்டாம். தேங்காய் எண்ணெய் வறண்ட கைக்குச் சரி, பரு வரும் முதுகுக்கு வேண்டாம். துளையை அடைக்கும்.

நிலாமுற்றம், 10 சதவீதம் எரிந்தது, 12 சதவீதம் ஊசிநூல் மகளுக்கு எரியவில்லையே என்று தோன்றும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கிளைகாலிக் மூலக்கூறு சிறியது, வேகமாக உள்ளே போகும். அம்மோனியம் லாக்டேட் என்பது லாக்டிக் அமிலத்தைப் பெருமளவு தணித்த வடிவம், அதன் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 5-ஐ ஒட்டி இருக்கும். அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருள்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு, வீட்டில் போடும் பொருளில் கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5-க்குக் கீழே போகக் கூடாது என்று 1998-லேயே சொன்னது. ஆன்லைன் பாட்டில் பலவற்றில் பிஎச் அச்சிட்டே இருக்காது. இந்த அமிலங்கள் அழகுக்காக வந்தவையும் இல்லை. 1974-இல் வான் ஸ்காட், யூ என்ற இருவர் மீன்செதில் போல் தோல் உரியும் நோய்க்கு இவை கேட்கிறது என்று எழுதினார்கள். அழகு வியாபாரம் பிடித்துக்கொண்டது அப்புறம்தான்.

உங்களுக்கு என் யோசனை: கைக்கும் முதுகுக்கும் வேறு வேறு. கைக்கு, யூரியாவும் லாக்டிக் ஆசிட்டும் சேர்ந்த கிரீம் மெடிக்கலில் கிடைக்கும், குதிகால் வெடிப்புக்கு என்று வாங்குவார்களே அதுதான். முதுகுக்கு சாலிசிலிக் பாடிவாஷ். அது எண்ணெயில் கரைவதால் எண்ணெய் வழியும் துளைக்குள் போகும். தடவி இரண்டு மூன்று நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். சாலிசிலிக்கைக் கழுவாமல் உடம்பு முழுக்கப் பூசிக்கொள்வது தவறு, அது இரத்தத்தில் சேரும். குழந்தைகளுக்கு அறவே வேண்டாம்.

முதுகுப் பரு எல்லாம் ஒரே அளவில், வேர்த்தால் அரிப்போடு வருகிறதா? அப்படியானால் அது பருவே இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மருந்துதான் கேட்கும், டாக்டர் பார்க்கட்டும்.


நிலாமுற்றம் எழுதியது:

முதுகில் அரிப்பு இல்லை, பெரிதும் சிறிதுமாகத்தான் இருக்கிறது. யூரியா கிரீம் கேட்டு ஒரு கடைக்குப் போனேன். இல்லையாம். "இதையே போடும்மா, இதிலும் ஆசிட் இருக்கு, ரெண்டே நாளில் கேட்கும்" என்று ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார்கள். இன்னும் திறக்கவில்லை. சாலிசிலிக் ஆசிட் 3 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன் டைப்ரோபியோனேட் என்று இருக்கிறது. போடலாமா?


மருந்துச்சீட்டு எழுதியது:

வேண்டாம். திறக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு. சொரியாசிஸ் மாதிரி சில நோய்களுக்கு டாக்டர் எழுதித் தரும் நல்ல மருந்து, உங்கள் கைக்கு இல்லை. ரெண்டே நாளில் கேட்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை, சிவப்பு மளமளவென்று அடங்கும். அதனாலேயே விட மனசு வராது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகத் தெரிந்து, பருவும் கூடும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். 2018-லேயே இந்த வகை கிரீம்களை மத்திய அரசு அட்டவணை எச்சுக்குள் கொண்டுவந்துவிட்டது, சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. எங்கள் தொழிலைப் பற்றி நானே இப்படி எழுத வேண்டியிருக்கிறது. கடையில் கேட்கும்போது "ஸ்டீராய்டு இல்லாதது" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.


நிலாமுற்றம் எழுதியது:

மார்கழி 20 ஆகிறது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ட்யூபைத் திருப்பினேன். பணம் தரவில்லை, அதற்குப் பதிலாக பஞ்சு, பேண்டேஜ், குளுக்கோஸ் பாக்கெட் கொடுத்தார்கள்! யூரியா கிரீம் வேறு கடையில் கிடைத்தது. வாரம் இரண்டு நாளில் தொடங்கி இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள். எரிச்சல் இல்லை. பொரி போகவில்லை, தடவினால் தெரிகிறது, ஆனால் சிவப்பு இல்லாததால் இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை. முதுகில் புதிதாக வருவது குறைந்திருக்கிறது. காபித்தூள் தேய்த்த பழுப்புப் புள்ளிகள்தான் அப்படியே இருக்கின்றன.


ஊசிநூல் எழுதியது:

அந்தப் பழுப்பு மங்க மாதக்கணக்காகும் கண்ணு, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்க. அது கிடக்கட்டும், ஜாக்கெட் கை விஷயம் என்ன ஆச்சு? தைத்தவரிடம் இப்போதே சொல்லிவிடுங்க. பத்து இஞ்ச் வைத்ததைக் குறைக்கலாம், ஐந்து இஞ்ச் வெட்டியதை நீட்ட முடியாது.


நிலாமுற்றம் எழுதியது:

அக்கா ஐந்து என்றாள், நான் பத்து என்றேன். ஏழில் வந்து நிற்கிறது.