நான்காவது இடப் பரிமாணமுள்ள கதையுலகு: இயற்பியல் அறிந்தோரின் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றோடு நான்காவதாக ஓர் இடப் பரிமாணமும் உள்ள உலகில் நிகழும் நாவல் ஒன்றை எழுதி வருகிறேன் (காலத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை). அத்தகைய வெளியில் ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு அன்றி மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதால், கோளின் பாதை சிறிது பிசகினாலும் அது தன் சூரியனை நோக்கிச் சுழன்று விழும் அல்லது விலகிப் போய்விடும் என்று இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட் 1917இல் காட்டினார். அணுக்களுக்கும் ஏறத்தாழ இதே கதிதான்.

இயற்பியல் கோட்பாட்டாளர்களான கலூசா, கிளைன் ஆகியோர் 1920களில் முன்வைத்தபடி கூடுதல் பரிமாணத்தைச் சுருட்டிவிட்டால் (அதாவது, அத்திசையில் நேராகச் சென்றால் வட்டத்தைச் சுற்றியதுபோல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்படி வைத்தால்), சுருளின் சுற்றளவைவிட மிகப் பெரிய தொலைவுகளில் இருமடி விதியே திரும்பிவிடுகிறது. சுற்றளவை ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் கோள்கள் பிழைக்கும், என் பாத்திரங்களும் அப்பரிமாணத்தில் நடமாடலாம். ஆனால் அணுவின் அளவில் மின்விசை மும்மடி விதியையே பின்பற்றுமாதலால், நடமாட வேண்டிய உடல்களே நிலைக்கமாட்டா. மிகக் குறுகிய தொலைவில் மட்டும் செயல்படும் கற்பனையான விலக்கு விசை ஒன்றைப் புகுத்தினால் இம்முரண் தீருமா, அதனால் வேதியியலில் என்னென்ன மாறும்? மாயம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை.

கயிற்று முடிச்சுகள் அங்கே நிற்காமல் அவிழ்ந்துவிடும் என்பதைக் கதையில் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டேன். ஒலிதான் எஞ்சியிருக்கும் சிக்கல்: இடப் பரிமாணங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் அலை சட்டென முடியாமல் பின்னால் இழுபடும் என்கிறார்கள். அப்படியானால் ஒரு கைதட்டலோ விரைவான உரையாடலோ கேட்பவருக்கு எவ்வளவு மங்கும்? கணக்குடன் விளக்கினாலும் படித்துப் புரிந்துகொள்வேன்.