தோல் வேலைக்குக் கொட்டாப்புளி போதுமா, மால் வாங்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். ஏழு மாதமாக வீட்டில் பர்ஸ், பெல்ட், சாவிப் பட்டை என்று கையால் தைத்து வருகிறேன். தையல் துளை போட 4 மி.மீ. இடைவெளியுள்ள நான்கு பல், ஆறு பல் சிசல்கள் இரண்டு இருக்கின்றன. இதுவரை வீட்டிலிருந்த ஆணி அடிக்கும் சுத்தியலால்தான் தட்டினேன். இப்போது நான்கு பல் சிசலின் தலை நசுங்கி, ஓரம் வெளியே மடிந்திருக்கிறது. போன வாரம் ஒரு சில்லு தெறித்துக் கன்னத்தில் பட்டது. பயந்துபோய் ரப்பர் சுத்தியல் ஒன்று வாங்கினேன். அது எகிறுகிறது. பூ அச்சு அடித்தால் ஒரே பூ இரண்டாகத் தெரிகிறது. 3.5 மி.மீ. பெல்ட் தோலில் ஆறு பல் சிசல் இறங்க ஏழெட்டு அடி வேண்டியிருக்கிறது, பின்பக்கம் துளைகள் கோணலாக வருகின்றன.

தச்சர்களின் மரச் சுத்தியலான கொட்டாப்புளி, மாலட், உருளைத் தலையுள்ள மால், பச்சைத்தோல் சுத்தியல், நைலான் என்று ஆளுக்கொரு சுத்தியலைச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம், எத்தனை கிராம்? அடியில் பாட்டியின் பழைய அம்மிக்கல்லை வைத்து அடிக்கிறேன், அது சரிதானா?

பதில்

தம்பி, முதலில் அந்த நான்கு பல் சிசலை எடுத்து, மடிந்த ஓரத்தை அரத்தால் சுற்றி ராவிவிடுங்கள். அப்படியே அடித்தால் இன்னொரு சில்லு கண்ணுக்குப் போகும். அதுவரை அதைத் தொட வேண்டாம்.

பன்னிரண்டு வருடமாக பெல்ட் வேலை செய்கிறேன், நானும் இரும்பில்தான் தொடங்கினேன். இரும்பின் மேல் இரும்பு விழுந்தால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், கருவிதான் விட்டுக்கொடுக்கும். ரப்பர் அதற்கு நேர் எதிர். அடியின் பாதியைத் தானே விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. எகிறிய பிறகு தானாக இன்னொரு முறை விழுகிறதே, உங்கள் இரட்டைப் பூ அதனால் வருவதுதான்.

மாலட்டுக்கும் மாலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மாலட்டுக்குத் தட்டையான முகம் இரண்டு. அந்த முகம் கருவியின் தலையில் நேராக உட்கார வேண்டும், மணிக்கட்டு சற்றுத் திரும்பினாலும் அடி சாய்ந்துவிடும். மாலுக்கு உருளைத் தலை. எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஒரே முகம். கண் கருவியிலேயே இருக்கலாம், சுத்தியலைப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல மாலில் தலை நுனிப்பக்கம் பருத்து, பிடிப்பக்கம் ஒடுங்கி வரும். முழங்கையை மேசையோரம் ஊன்றித் தட்டும்போது பிடி கொஞ்சம் தாழ்ந்திருக்கும் இல்லையா, அந்தச் சாய்வை இது ஈடுகட்டும்.

நாள் முழுக்க அச்சு அடிப்பவருக்கு மால்தான். ஒருமணி நேரத்தில் கைக்கு வித்தியாசம் தெரியும். வார் நுனி வெட்டும் பெரிய பஞ்ச்சை நின்றுகொண்டு ஓங்கி அடிக்கத் தட்டை முகம் வசதி.

எடை: சின்ன அச்சுகளுக்கு 350 முதல் 450 கிராம். ஆறு பல் சிசலுக்கும் கூடைப் பின்னல் அச்சுக்கும் 600 கிராம் பக்கம். பெரிய பஞ்ச் என்றால் ஒரு கிலோவுக்குக் குறையாமல். ஒன்றுதான் முடியும் என்கிறீர்கள், அதனால் 550 – 600 கிராம் நைலான் மால். சின்ன அச்சுக்குப் பிடியை மேலே தள்ளி, தலைக்கு அருகில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பச்சைத்தோல் சுத்தியல் எனக்கு மிகவும் பிடித்தது. பதனிடாத தோலை இறுக்கிச் சுருட்டிச் செய்வது, அடி எகிறாமல் அமர்ந்து விழும். ஆனால் புதிதில் முகம் கல்லாக இருக்கும், பழக்கித்தான் எடுக்க வேண்டும். விலையும் அதிகம். முதல் கருவியாக அதை நான் சொல்ல மாட்டேன்.

பதில்

எங்கள் வீட்டில் தச்சு வேலை. கொட்டாப்புளியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

புளிய மர வைரத்தில் செய்த கொட்டாப்புளி உளிக்கு அருமை. அந்த உளிக்கு மரப்பிடி இருக்கும். மரமும் மரமும் சேரும். உங்கள் சிசலின் தலை விரல் நுனி அளவு இரும்பு. மரத்தில் அந்த ஒரே இடம் குழிந்துகொண்டே போகும். ஆறேழு மாதத்தில் முகம் முழுக்கப் பள்ளம், அப்புறம் அடி வழுக்கும். எடையும் போதாது, 600 கிராம் வர வேண்டுமென்றால் தலை பெரிதாகி, சிசலைப் பிடித்திருக்கும் உங்கள் விரலையே மறைக்கும். சின்ன அச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெல்ட்டுக்கு வேண்டாம்.

கடையில் மால் விலை கட்டுப்படியாகாவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். எஞ்சினியரிங் பிளாஸ்டிக் விற்கும் கடைகளில் 65 மி.மீ. நைலான் ராடு வெட்டித் தருவார்கள். 100 மி.மீ. நீளம் போதும். நுனி 65, பிடிப்பக்கம் 58 என்று டேப்பர் கடையச் சொல்லுங்கள். நடுவில் 12 மி.மீ. துளை. அதில் 22 செ.மீ. இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் மரை. கீழ்ப்பக்கம் வாகை மரப் பிடி. நைலான் மட்டும் 330 கிராம் அளவில் நிற்கும், கம்பி 195, பிடி 50-சொச்சம். மொத்தம் 580 கிராம் பக்கம் வந்துவிடும். மேல் நட்டு நைலானுக்குள் அமுங்கியிருக்க வேண்டும், வெளியே நீட்டக் கூடாது. கோடையில் மரம் சுருங்கும், அப்போது நட்டை ஒரு சுற்று இறுக்குங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். லேத்காரரிடம் பேசிவிட்டேன், செய்து தருகிறேன் என்றார். இரண்டு சந்தேகம். அம்மியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் இருப்பது இரண்டாம் மாடி, கீழ் வீட்டில் கைக்குழந்தை. மாலை ஆறு மணிக்கு மேல் தட்ட மனசு வரவில்லை.

பதில்

அம்மி கனமானது, அதனால் தப்பில்லை. ஆனால் அரைப்பதற்காகக் கொத்திய கல் அது. ஈரத் தோலை நேரே வைத்து அச்சடித்தால் கொத்திய புள்ளிகள் பின்பக்கம் பதியும். சிசலையும் பஞ்ச்சையும் கல்லுக்கு மேல் நேரே அடிக்கவே கூடாது, ஒரே அடியில் முனை போய்விடும்.

கிரானைட் அறுக்கும் இடத்தில் சமையல் மேடைக்கு வெட்டிய மிச்சத் துண்டு கேளுங்கள். 18 – 20 மி.மீ. தடிமன், ஒரு முழம் நீளம் போதும். அச்சுக்கு அந்தப் பளபளப்பான முகம். துளைக்கு அதன் மேல் காய்கறி வெட்டும் தடித்த பிளாஸ்டிக் பலகை. கிரானைட்டுக்கு அடியில் கெட்டி ரப்பர் பாய். இந்த மூன்றையும் மேசையின் நடுவில் வைக்காமல், கால் இறங்கும் மூலையில் வையுங்கள். நடுவில் வைத்தால் பலகை பறை மாதிரி அதிரும், அடியில் பாதி அந்த அதிர்விலேயே போய்விடும். மேசைக் கால்களுக்கும் ரப்பர் துண்டு வையுங்கள். அடிகள் குறைந்தாலே சத்தமும் பாதி குறையும். குழந்தை தூங்கும் நேரத்தைக் கீழே ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

கோணல் துளையைச் சரிசெய்யப் புதுச் சுத்தியலை மட்டும் நம்ப வேண்டாம். சிசலை நாம் எதிரிலிருந்துதான் பார்க்கிறோம், முன்னும் பின்னும் சாய்வது தெரியாது. பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி, முதல் மென்தட்டுக்குப் பிறகு தலையைத் திருப்பிப் பாருங்கள். நேராக இருந்தால் முழு அடி. தோளிலிருந்து ஓங்க வேண்டாம், முழங்கையிலிருந்து தூக்கி எடையை விழவிடுங்கள். பற்களில் கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்தால் உருவுவதும் எளிது.

பூ அச்சு மங்கலாக வந்தால் தோலைச் சந்தேகப்படுங்கள். குரோம் உப்புப் போட்டுப் பதனிட்ட தோலில் எந்தச் சுத்தியலாலும் அச்சு நிற்காது. வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாக இருந்தால் அது குரோம். பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் அச்சுக்கு. திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய அந்தத் தோலுக்கு இன்றும் தனி மதிப்பு. அதை நனைத்து, நிறம் ஏறக்குறைய பழையபடி திரும்பும்வரை காத்திருந்து அடியுங்கள். சொட்டச் சொட்ட அடித்தால் அச்சு கரைந்துபோகும்.

கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மால் வந்துவிட்டது. தராசில் 590 கிராம். கிரானைட் துண்டைக் கடைக்காரர் காசு வாங்காமலே கொடுத்தார். ஆறு பல் சிசல் 3.5 மி.மீ. தோலில் இப்போது இரண்டே அடியில் இறங்குகிறது. பின்பக்கத் துளைகள் வரிசையாக வந்ததைப் பார்த்து அந்த பெல்ட்டை அப்பாவுக்கே கொடுத்துவிட்டேன்.

பூ அச்சு இன்னும் மங்கல்தான். ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், நீலச் சாம்பல். தோல்தான் காரணம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: பெல்ட் பக்கிளுக்கு செம்பு ரிவெட் அடிக்கவும் இதே மால் போதுமா?

பதில்

வேண்டாம் தம்பி, நைலான் குழிந்துவிடும். ரிவெட்டின் தலையை உருட்டுவதற்கு உருண்டை முகச் சுத்தியல்தான், இரும்பே. சின்னதாக 200 கிராம் போதும். உங்கள் பழைய சுத்தியல் வேண்டாம், அதன் முகம் இந்நேரம் வடுப்பட்டிருக்கும். செம்பில் அப்படியே பதியும்.