கணக்குப்பதிவியல் அடிப்படை மறந்துவிட்டது, எதை முதலில் படிக்கலாம்?

விருதுநகரில் இருந்து தொலைதூரக் கல்வியில் பி.காம். படிக்கிறேன். முதல் கணக்குப்பதிவியல் தாளை 2022-இல் முடித்தேன்; அப்புறம் வேலை, குழந்தை என்று இடைவெளி. ஐந்து வாரத்தில் நிறுமக் கணக்கு (கம்பெனிகளின் கணக்கு) வகுப்பு தொடங்குகிறது.

பதினோராம் வகுப்பு அரசுப் பாடநூலை எடுத்து, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) வரை போட்டுப் பார்த்துவிட்டேன். யூடியூபில் பார்க்கும்போது புரிகிறது, பேனாவை எடுத்தால் போய்விடுகிறது. இறுதிக் கணக்கின் சரிக்கட்டுதல்களில்தான் (ஆண்டு முடிவில் சேர்க்கும் திருத்தங்கள்) சிக்கல். கடனாளிகள் ரூ.50,000, இருப்பாய்வுக்கு வெளியே வாராக்கடன் ரூ.2,000, ஐயக்கடன் ஒதுக்கு (வராமல் போகலாம் என்று ஒதுக்கி வைக்கும் தொகை) 5%. அந்த ஒதுக்கு எனக்கு 2,500 வந்தது, புத்தகத்தில் 2,400. முதலில் 2,000-ஐக் கழிக்க வேண்டும் என்று உறைக்கவே அரைமணி நேரம்! டியூஷனுக்குப் போக வழியில்லை, இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

நிறுமக் கணக்கில் வரும் பங்கு வெளியீடு பாடத்துக்குப் போகும் முன், எந்தப் பாடங்களைக் கட்டாயம் முடித்திருக்க வேண்டும்?