'கண்காணிப்பு' வேண்டாம், 'கடைவிலைத் தொடர்பதிவு' எனலாமா?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

உணவுப் பணவீக்கத்தை அளப்பதற்காக இறைச்சியின் சில்லறை விலையை மாதந்தோறும் குறித்துவரும் பணிக்கு, 'இறைச்சி விலைக் கண்காணிப்பு' என்று நம் கலைச்சொல் பட்டியலுக்குத் தாங்கள் முன்மொழிந்திருப்பதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் கண்காணி என்பவர் மேற்பார்வை அதிகாரி. இன்றும் கண்காணிப்பு என்றால் தவறினால் தட்டிக்கேட்கும் அதிகாரமும் கூடவே நினைவுக்கு வருகிறது. விலை எழுதப் போகிறவரோ கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்புகிறவர். எதையும் குறைக்கச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

ஆகவே 'தொடர்பதிவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஒரே கடையில், ஒரே பண்டத்தை, ஒரே தரத்தில், இடைவிடாமல் எழுதிவருவதுதான் இப்பணியின் உயிர். கும்பகோணத்தில் நான் வழக்கமாகப் போகும் கறிக்கடையின் கரும்பலகையில் கோழிக்கு மட்டும் உயிருடன், தோலுடன், தோல் உரித்தது, நாட்டுக்கோழி என நான்கு வரிகள் இருக்கும். உயிர்க்கோழியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் உரித்த கறியாகத் தேறும். சென்ற மாதம் உயிர்க்கோழி விலையையும் இந்த மாதம் உரித்த கறியின் விலையையும் எழுதிவிட்டால், ஏறாத விலை ஏறியதாகக் கணக்கில் வந்துவிடும். ஆட்டுக்கறியில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. பலகையில் விலை மாறாமலே இருக்க, கத்தி தொடையிலிருந்து மெல்ல நகர்ந்து கழுத்தெலும்பையும் சவ்வையும் சேர்த்துத் தராசில் போட்டுவிடும். அந்த ஏற்றம் எந்தப் பதிவிலும் ஏறாது. வீட்டில் குழம்புச் சட்டியைக் கிளறும்போதுதான் தெரியும்.

கடை மூடப்பட்டால் அதே தரத்தில் விற்கும் இன்னொரு கடையைச் சேர்த்துக்கொண்டு பதிவைத் தொடர்வார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தாவிளக்கின் நெய்க்கு 96 ஆடுகள் என்று ஒப்படைத்த ஏற்பாடு எனக்கு நினைவுக்கு வருகிறது. இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன; ஆடுகள் சாகும், மூப்படையும், ஆனால் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டும். 'தொடர்' என்ற சொல்லில் எனக்கு வேண்டிய பொருளும் இதுவே.

'சில்லறை' என்பதற்குப் பதிலாகக் 'கடைவிலை' என்றதற்கு, மன்னார்குடியிலிருந்து அம்மையார் ஒருவர் முன்பே மறுப்பு எழுதியிருந்தார்: 'கடை' என்றால் இழிந்தது, கடைசி என்றும் பொருள்படுமே என்று. இழிவுப் பொருளை இங்கே யாரும் கொள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கடைசி என்ற பொருள் நமக்குச் சாதகமானதே. பல்லடத்தில் அறிவிக்கப்படும் கோழிப் பண்ணை விலை, மொத்த வியாபாரியின் விலை ஆகியவற்றைக் கடந்து, உண்பவர் கையிலிருந்து இறுதியாகப் போகும் பணம் அல்லவா அது?

'கறி' என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடலாம். நம் ஊர்ப் பக்கத்தில் பல வீடுகளில் வாழைக்காய்க் கறியும் கறிதான். 'இறைச்சி' என்பதில் இந்தக் குழப்பம் இல்லை.

இறைச்சி விலையையே உணவுப் பணவீக்கமாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைச் சொல் விளக்கத்தில் தடுக்க வேண்டும். 2012-ஐ அடியாண்டாகக் கொண்டிருந்த முந்தைய அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் எடை, அதாவது நூறில் அவற்றின் பங்கு, 45.86 ஆக இருந்தது; அதில் இறைச்சிக்கும் மீனுக்கும் சேர்த்தே 3.61தான். இவ்விரண்டின் விலையும் பத்து விழுக்காடு ஏறியிருந்தாலும் மொத்தக் குறியீட்டெண் ஏறக்குறைய 0.36 விழுக்காடுதான் நகர்ந்திருக்கும். ஆனாலும் பதிவு பயனற்றதல்ல: புரட்டாசியில் கறிக்கடை வாசல் வெறிச்சோடுவதையும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நாகப்பட்டினத்து மீன் குறைந்து பலர் கோழிக்குத் திரும்புவதையும் அது விலைகளின் வழியே காட்டக்கூடும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. பண்டிகைக் கிராக்கியில் ஏறிய ஒரு நவம்பரை அது இல்லாத மறு நவம்பரோடு ஒப்பிட்டால், விலை தணிந்ததாகத் தோன்றும் மயக்கம் எழுகிறது. இதற்குப் 'பண்டிகைப் பெயர்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'பெயர்வு' என்றால் சிலருக்கு நிலநடுக்கம் நினைவுக்கு வருமோ என்ற ஐயமும் இருப்பதால், தங்கள் கருத்தை அறிந்த பிறகே பட்டியலில் சேர்ப்பேன்.