நேரத்தை வைத்து லாக் தேடுதல்: 'செட்' போதுமா, 'ஆக்' வேண்டுமா?

இரவுப்பணி:
நேற்று நள்ளிரவு 2:10 முதல் 2:25 வரை எங்கள் கட்டணச் சேவை நின்றுபோனதாகப் புகார். சேவையின் நிகழ்வுகள் பதிவாகும் லாக் கோப்பில், ஒரு வரி முதல் இன்னொரு வரி வரை எடுத்துக்காட்டும் 'செட்' (sed) கட்டளைக்குத் தொடக்கமாக 02:10:00, முடிவாக 02:25:00 கொடுத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. அந்த நேரத்தில் எதுவும் பதிவாகவில்லை என்று மேலாளரிடம் சொல்லிவிடலாமா?

பழையமுனையம்:
அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். 'செட்' நேரத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறது. சரியாக அந்த நொடியில் ஒரு வரி இல்லையென்றால் எதையும் காட்டாது. நொடியை விட்டுவிட்டு, தேதியோடு 02:10 என்று மட்டும் கொடுங்கள். பல ஆண்டுகளாக நான் இப்படித்தான் தேடுகிறேன்.

நேரக்கோடு:
இந்தப் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். நள்ளிரவில் ஒரு நிமிடம் முழுக்க ஒரு வரியும் இல்லாமல் போகலாம். தொடக்க வரி இல்லையென்றால் வெற்றுத்திரை. முடிவு வரி இல்லையென்றால் கோப்பின் கடைசிவரை கொட்டும். 'ஒன்றும் நடக்கவில்லை', 'நான் தேடியது பொருந்தவில்லை' இரண்டுக்கும் ஒரே வெற்றுத்திரைதான் என்றால், அதை நம்பி எப்படி அறிக்கை எழுதுவது? ஒவ்வொரு வரியையும் நிபந்தனை வைத்துச் சோதிக்கும் 'ஆக்' (awk) கட்டளை கொண்டு ஒப்பிடுங்கள்: 02:10க்குக் குறையாதது, 02:26க்குக் குறைவானது. ஆண்டு, மாதம், நாள், மணி என்ற ஐஎஸ்ஓ 8601 (தேதி, நேரம் எழுதும் சர்வதேசத் தரம்) வரிசையில் எழுதிய நேரத்துக்கு எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றுதான்.

பழையமுனையம்:
எல்லா லாக்கும் அப்படியா இருக்கிறது? அப்பாச்சி வலைச் சேவையகத்தின் அணுகல் பதிவில் நாள் முதலில், மாதம் பெயராக வரும். எழுத்து வரிசையில் ஏப்ரல் ஜனவரிக்கு முன்னால் போய் நிற்கும். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் பொதுப் பதிவு முறையான சிஸ்லாக்கின் பழைய வடிவத்தில் ஆண்டே கிடையாது. இன்னொன்று, ஜாவா பிழைத்தடத்தின் (பிழை நிரலில் எந்த வழியாக வந்தது என்ற பட்டியல்) வரிகளுக்குத் தேதி இருக்காது. உங்கள் ஒப்பீடு அவற்றை விழுங்கிவிடும். 'செட்' முழுதாகத் தரும். பிழையின் காரணம் அந்த வரிகளில்தானே இருக்கிறது!

நேரக்கோடு:
பிழைத்தடம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் வழி உண்டு. வரி நான்கு இலக்க ஆண்டில் தொடங்கினால் மட்டும் ஒப்பிட்டு, விடையை ஒரு மாறியில் (மதிப்பை நினைவில் வைக்கும் பெயர்) வையுங்கள். தேதியில்லாத வரிகள் அந்த விடையின்படியே அச்சாகும். வடிவம் பற்றிய குறைக்கு என் பதில், லாக் எழுதும்போதே ஐஎஸ்ஓ வடிவில் எழுதவேண்டும் என்பதுதான். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் சிஸ்லாக்குக்கே அதைத்தான் வகுத்தது.

வடகரை:
இருவரும் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? லினக்ஸின் ஜர்னல் என்ற பதிவேட்டைத் தேடும் 'ஜர்னல்சிடிஎல்' (journalctl) கட்டளையில் 'சின்ஸ்' (எப்போதிலிருந்து), 'அன்டில்' (எப்போதுவரை) கொடுத்தால் முடிந்தது.

பழையமுனையம்:
செயலி தன் சொந்தக் கோப்பில் எழுதினால் ஜர்னலுக்கு எப்படித் தெரியும், நண்பரே? இரவுப்பணி, உங்கள் சர்வர் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது? 'டேட்' கட்டளை கொடுத்துப் பாருங்கள்.

இரவுப்பணி:
யூடிசி (உலகப் பொது நேரம்)! நம் இந்திய நேரம் 2:10 அங்கே முந்தைய நாள் 20:40. அந்தத் தேதியை வைத்து 'ஆக்' ஓட்டினேன், மாறியோடு. 20:41 முதல் தரவுத்தள இணைப்புகள் தீர்ந்துபோன பிழை வரிசையாக நிற்கிறது, பிழைத்தடத்தோடு. மேலாளருக்கு அதையே அனுப்புகிறேன்.

பழையமுனையம்:
நல்லது. ஆனால் அவசர வேளையில் அந்த மாறி எழுத எனக்குக் கை வராது. நான் 'செட்'டிலேயே இருக்கிறேன்.

நேரக்கோடு:
அவசர வேளையில்தான் ஐயா வெற்றுத்திரை ஏமாற்றுகிறது. ஒருமுறை எழுதி ஷெல் ஸ்கிரிப்டாக (கட்டளைகள் அடங்கிய கோப்பாக)ச் சேமித்து வையுங்கள்.