கார் கம்பெனி விளையாட்டில் எல்லாம் விற்கிறது, பணம் மட்டும் நிற்கவில்லை

தொண்டியிலிருந்து கேள்வி:
கியர்சிட்டி என்ற கணினி விளையாட்டில், அதிலுள்ள 1900-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கி விளையாடுகிறேன். ஒரு காருக்கு உற்பத்திச் செலவு 400 டாலர், 520-க்கு விற்கிறேன், செய்ததெல்லாம் விற்றும் போகிறது, ஆனாலும் மாதக் கடைசியில் இருப்பு குறைந்துகொண்டே வருகிறது. எங்கே தப்பு?

பாம்பன்:
தம்பி, அந்த 400-இல் பொருளும் கூலியும்தான் இருக்கும். வடிவமைப்புக்குப் போட்டது, ஆலைப் பராமரிப்பு, கடன் வட்டி எல்லாம் தனி. எங்கள் விசைப்படகில் இறால் பத்து கிலோ வந்தாலும் நூறு கிலோ வந்தாலும் ஏற்றிய டீசலுக்கும் ஐஸுக்கும் காசு கொடுத்தே ஆகவேண்டும், அதே கணக்குதான் இது. அந்த மாதச் செலவை விற்கும் கார்களால் வகுத்து 400-உடன் கூட்டிப் பாருங்கள்.

கீழக்கரை:
விலையை மட்டும் ஏற்றாதீர்கள், எண்ணிக்கையையும் கூட்டுங்கள். ஃபோர்டு மாடல் டி 1908-இல் 850 டாலர், 1913-இல் நகரும் அசெம்பிளி லைன் (கார் நகர்ந்து வர வர பாகங்களைப் பொருத்தும் முறை) வந்து எண்ணிக்கை கூடியது, 1925-இல் 260-க்கே கொடுத்தார்கள். ஆனால் விற்காத கார் தேங்கினால் அதில் போட்ட பணம் முடங்கிவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

தொண்டி:
போட்டுப் பார்த்தேன் அண்ணே. மாதம் 40 கார், தனிச்செலவு 6,000, அப்படியென்றால் காருக்கு 150. அடக்கமே 550! சரி, முதலில் 590 வைக்கிறேன், அப்புறம் ஆலையைப் பெரிதாக்குகிறேன்.