பொருள்: முருகைக்கு (பவள உயிரிக்கு) ‘வெளிறல்’ சரியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பண்டாரவளை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் முருகை வாடினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கைநூலைப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். முருகையின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. உணவில் பெரும்பங்கைத் தருவதும், நிறத்தில் பெரும்பங்கைத் தருவதும் அதுதான். சூடோ குளிரோ வெளிச்சமோ அளவு மீறினால் பாசி வெளியேறிவிடும். கல் முருகையானால் திசு கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்புக்கூடு வெள்ளையாகத் தெரியும். ஆனால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. திசுவே அழுகி உதிர்ந்துபோவது வேறு. அப்போதும் வெள்ளைதான், ஆனால் அந்த இடம் செத்துவிட்டது. இரண்டுக்கும் ‘வெளிறல்’ என்று போட்டால் பிள்ளைகள் உயிருள்ளதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

கண்டி சேர்:
டீச்சர், சொல் தேடி அலைய வேண்டாம், ‘பசலை’ இருக்கிறது. தலைவன் பிரிந்தால் தலைவியின் மேனி நிறம் மாறும். பாசி பிரிந்தால் முருகை நிறம் மாறும். குறுந்தொகை 399இல் பரணர் பசலையைப் பாசிக்கே ஒப்பிடுகிறார்: ஊருண் கேணியில் மூடிக்கிடக்கும் பாசி தொட்டால் விலகும், விட்டால் பரவும். பாசி, பச்சை, பசுமை, பசப்பு, பசலை எல்லாம் ஒரே வேர். சங்கத்துச் சொல் கைவசம் இருக்க, சுவரில் சாயம் போன மாதிரி ‘வெளிறல்’ எதற்கு?

பதுளை:
சேர் காட்டிய பாட்டே சேருக்கு எதிர்ச்சாட்சி! பரணர் கணக்கில் பாசி வந்து மூடினால் நோய், விலகினால் சுகம். தொட்டியில் பாசி இருந்தால் சுகம், விலகினால் நோய். முழுக்கத் தலைகீழ். அதோடு பசலை பொன்னிறமாகப் பூக்கும் என்பார்கள், இது வெள்ளை.

நுவரெலியா:
சேர், பாட்டு அருமை, ஆனால் இங்கே பசலை என்றால் பசளை (உரம்) என்றுதான் காதில் விழும். கைநூலிலேயே நைத்திரேற்று, பொசுபேற்று கூடினால் பாசி பெருகி முருகை பழுப்பாகும் என்று ஒரு பந்தி வருமே? பசளை கூடினால் பழுப்பு, பாசி போனால் பசலை என்று அச்சடித்தால் வாசிக்கிறவன் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

என் தொட்டியில் கல் போன்ற கூடு இல்லாத தோல் முருகையும் காளான் முருகையும் மட்டும்தான். (கல் முருகையை நம் கடலில் இருந்து எடுப்பது குற்றம், அதையும் கைநூலில் போடுங்கள்.) கொழும்புக்காரர் தண்ணீரைக் குளிர்விக்கப் பாடுபடுகிறார்கள். 1868 மீற்றர் உயரத்தில் எனக்கு ஹீட்டர்தான் உயிர். 25, 26 பாகையில் நிற்க வேண்டிய தண்ணீர், இரவில் கரண்ட் போனால் விறுவிறென்று இறங்கிவிடும். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீரில் ஒட்சிசனும் கரையோரத்தை விடக் குறைவாகவே கரையும். மேல்பரப்பை நன்றாகக் கலக்கிவிட வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். வெள்ளையாகிப்போன கல் முருகையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய சவ்வும் உணர்கொம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. கூட்டின் துளைகள் மொட்டையாகத் தெரிந்து, சில நாளில் மேலே மயிர்ப்பாசி படர்ந்தால் கதை முடிந்தது. முதலாவது ‘பாசி நீங்கல்’, இரண்டாவது ‘திசு உதிர்தல்’. நடப்பதைச் சொன்னால் போதாதா? மூன்றாவது ஒன்றும் உண்டு. தோல் முருகை சில நாள் சுருங்கி, மெழுகு பூசினது போல் மினுங்கி, பிறகு ஒரு படலத்தை உரித்துப் போடும். அது நோயே இல்லை. ‘சட்டை கழற்றல்’ என்று வைக்கலாம்.

ஹட்டன்:
‘சோகை’ என்று போடுங்களேன். செடிக்குச் சொல்கிறோம், பிள்ளைக்குச் சொல்கிறோம், தோட்டத்தில் யாருக்கும் விளங்கும்.

கண்டி சேர்:
சோகை இரத்தத்துக்கு உரியது. முருகைக்கு இரத்தம் ஏது? தலைகீழ் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. உவமையில் எல்லாம் பொருந்த வேண்டும் என்று தொல்காப்பியர் கேட்கவில்லை.

பதுளை:
கலைச்சொல் உவமை இல்லையே சேர். ‘பாசி நீங்கல்’ என்றாலும் சிக்கல்தான். கண்ணாடியில் பிடித்த பாசியைச் சுரண்டுவதையும் அப்படித்தான் சொல்வோம்.

பண்டாரவளை டீச்சர்:
அச்சகத்தில் இருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ‘வெளிறல்’, ‘திசு உதிர்தல்’, ‘சட்டை கழற்றல்’ என்று போடுகிறேன். வெளிறல் வரும் முதல் இடத்தில் ‘பாசி நீங்கியதால், உயிரோடு’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஹட்டனும் பதுளையும் சரி என்றார்கள். நுவரெலியா அரை மனதோடு சரி.

கண்டி சேர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடிக்குறிப்பிலாவது பசலைக்கு இடம் கொடுங்கள்.

நுவரெலியா:
டீச்சர், வெளிறின முருகையில் பாசி திரும்பக் குடியேறி நிறம் ஏறுவதற்கு என்ன பெயர்?

கண்டி சேர்:
அதற்கு நல்ல சொல் இருக்கிறது. கலித்தொகையைப் புரட்டிவிட்டு நாளை எழுதுகிறேன்.

பண்டாரவளை டீச்சர்:
வேண்டாம் சேர், ‘தேறுதல்’ என்று போட்டுவிட்டேன்.